ஒரு அவருக்கு எத்தனை நிமிடம்

எங்கள் வீட்டில் மணி நேரத்துக்கு ‘அவர்’ என்று பெயர். மரியாதை கொடுத்துச் சொல்கிற ‘அவர்’ இல்லை. ‘ஹவர்’ என்ற இங்கிலீஷ் வார்த்தை அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் வேலைக்குப் போய், முதல் எழுத்தை கேட்டிலேயே விட்டுவிட்டு வந்தது. அப்பா அங்கே பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டினார். “இன்னிக்கி ரெண்டு அவரு அதிகமா நின்னேன்”, “நாளிக்கி ஒரு அவரு பர்மிசன் கேட்டுகீறேன்” என்றுதான் எங்கள் மேனாம்பேட்டு வீட்டில் பேச்சு நடக்கும். பக்கத்து வீட்டுக்குத் திருநெல்வேலியிலிருந்து குடிவந்த அக்கா, அப்பா யாரோ பெரிய மனிதர்களைப் பற்றியே எந்நேரமும் பேசுகிறார் என்று ஒரு மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தார்.

கம்பெனியின் அவருக்கு ஒரு குணம் உண்டு. காலையில் ஐந்து நிமிடம் தாமதமாக அட்டை குத்தினால் அரை அவர் வேலை செய்யாததாகக் கணக்கு. சாயங்காலம் இருபது நிமிடம் கூடுதலாக நின்றால் அது கணக்கிலேயே வராது. அதனால் மணி நேரம் என்பது எல்லா இடத்திலும் ஒரே நீளம் என்று அப்பா ஒரு நாளும் நம்பியதில்லை. நான் நம்பினேன். படித்த பெண் இல்லையா.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ப்ளஸ் டூவில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு மருத்துவம் கிடைக்காது என்று தெரிந்ததும், பூந்தமல்லியில் ஒரு சின்னக் கண் மருத்துவமனையோடு ஒட்டி நடந்த ஆப்டோமெட்ரி பள்ளியில் சேர்ந்தேன். இரண்டு வருட டிப்ளமோ. கண்ணுக்குப் பவர் பார்ப்பது, கண்ணாடி எழுதிக் கொடுப்பது, எந்தக் கண்ணை உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிப்பது, இதுதான் படிப்பு. எங்கள் தெருவில் எனக்கு அன்றைக்கே ‘கண் டாக்டர்’ பட்டம் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் வேறு, நான் வேறு என்று விளக்கப் போனால், “சரிங்க டாக்டர்” என்பார்கள்.

வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பூந்தமல்லிக்காரி. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பஜாரில் கண்ணாடிக் கடை. நாங்கள் புத்தகத்தில் படித்த லென்ஸையெல்லாம் அவள் சின்ன வயதிலேயே கையில் வைத்து உருட்டியவள். அதனால் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எனக்குப் பிடித்த திமிர்.

எங்கள் பள்ளியில் கட்டடம் சின்னது, நோட்டு பெரியது. கிளினிக்கில் நிற்கும் ஒவ்வொரு நாளும், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், பார்த்த கண்கள் எத்தனை என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். திருமழிசையிலும் நெமிலிச்சேரியிலும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கண் முகாம்களுக்கும் அந்த நோட்டு கூடவே வரும். வேர்வையில் மை கலைந்துபோன பக்கங்கள் என் நோட்டில் நிறைய. அன்றைக்கு அதைத் தொல்லை என்று திட்டிக்கொண்டே எழுதினேன்.

இரண்டாவது வருடம் முடிகிற சமயத்தில் அந்தப் பூந்தமல்லித் தோழி ஒரு செய்தி கொண்டுவந்தாள். நகரத்துக்குள் இருக்கும் ஓர் ஆப்டோமெட்ரி பள்ளியில் நான்கு வருடப் பட்டப்படிப்பு நடக்கிறது. டிப்ளமோ முடித்தவர்களை நேரே மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஒரே நிபந்தனை, நாம் படித்த மணி நேரம் அவர்களுடைய முதல் இரண்டு வருட மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

எனக்கு அது வாழ்வா சாவா என்பது போல் இருந்தது. காரணம் அம்மா. “இன்னும் ரெண்டே ரெண்டு வருசம். அதுக்கு மேல உங்கத்த ஊட்ல என்னால பதில் சொல்ல முடியாது” என்று அம்மா தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். அத்தை மகன் அங்கே காத்துக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக வேண்டாம் என்று அத்தை முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள். மூன்றாம் வருடத்தில் இடம் கிடைத்தால் இரண்டு வருடத்தில் பட்டம், வேலை, பிறகு நானே பேசிக்கொள்ளலாம். முதல் வருடத்திலிருந்து நான்கு வருடம் என்றால் வீட்டில் பேச்சுக்கே இடமில்லை, படிப்பு அத்தோடு சரி. தோழியின் வீட்டிலும் ஏறக்குறைய இதே கதை.

இரண்டு பேரும் மருத்துவமனையின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பள்ளிகளின் பாடத்திட்டப் புத்தகங்களையும் விரித்தோம். ஒரு முழு வெள்ளைத்தாளில் கோடு போட்டேன். இடப்பக்கம் பாடம், நடுவில் எங்கள் பள்ளி, வலப்பக்கம் அவர்கள் பள்ளி. என் எழுத்து பொடி எழுத்து. எல்லாமே ஒரே தாளில் அடங்க வேண்டும் என்று அதையும் இன்னும் பொடியாக்கினேன். ஒளியியல், கண்ணின் அமைப்பு, லென்ஸ், கண் நோய்கள் என்று வரிசையாக இறங்கினோம். எந்த வரியைப் பார்த்தாலும் அவர்கள் பக்கமே கூடுதல். வெள்ளெழுத்துக்கு மட்டும், அதாவது நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்து எழுத்து மங்குகிறதே அதற்கு, எங்களிடம் ஆறு மணி நேரம், அவர்களிடம் எட்டு. கடைசியில் கிளினிக். எங்களுக்கு எழுநூற்று நாற்பது. அவர்களுக்குத் தொள்ளாயிரத்து அறுபது.

“வெள்ளெழுத்துக்கு எட்டு மணி நேரம் இன்னாடி சொல்லித் தருவாங்க?” என்றாள் அவள். “எங்கத்தா கடையில அஞ்சு நிமிசத்துல கண்ணாடி குடுத்து அனுப்பிடுவாரு.”

அவர்கள் புத்தகத்தில் ‘கிரெடிட் ஹவர்ஸ்’ என்று தனியாக ஒரு கட்டமும் இருந்தது. வெளிநாட்டுப் பள்ளிகளைப் பார்த்துப் புதிதாகக் கொண்டுவந்த முறை. இத்தனை மணி நேரம் படித்தால் இத்தனை கிரெடிட், இத்தனை கிரெடிட் சேர்ந்தால் ஒரு வருடம். வீட்டில் இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கிரெடிட்னா கடன் குடுக்கற சொசைட்டிதானே? படிக்கிற எடத்துலயும் சங்கம் வெச்சிகீறாங்களா?” என்று கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்பாவும் சிரித்தார். என்னைவிட மூன்று வயது சின்னவனான தம்பி ஒரு வாரம் என்னை ‘சொசைட்டி’ என்றே கூப்பிட்டான்.

குறைகிறது என்று தெரிந்தே இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டோம். கேட்டால்தானே கிடைக்கும். பெற்றவர்களோடு நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. தோழியின் அத்தாவுக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. அப்பா அரைநாள் லீவு போட்டார். “ரெண்டு பொண்ணுக்கும் நானே அப்பன்னு சொல்லிடறேன்” என்று அம்பத்தூர் ஸ்டேஷனில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மின்சார ரயில் ஏறினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நகக்கண்ணில் மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கம்பெனிக் கறுப்பு.

அந்தப் பள்ளியில் பாடப் பிரிவின் பொறுப்பில் இருந்த ஓர் அம்மா எங்களை உட்காரச் சொன்னார். ஐம்பது வயது இருக்கும், கனிவாகப் பேசினார். ஆனால் கையிலிருந்த தாள் கனிவாக இல்லை. நான் போட்ட அட்டவணையை விண்ணப்பத்தோடு இணைத்திருந்தேன். அதிலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.

“நீங்களே தெளிவா எழுதியிருக்கீங்க. கிளினிக் எழுநூத்தி நாப்பது, நாங்க கேக்கறது தொள்ளாயிரத்து அறுபது. இருநூத்தி இருபது மணி நேரம் குறையுது. மூணாம் வருஷத்துல உங்களை வச்சுக்க எனக்கு வழியில்லம்மா. முதல் வருஷத்துல சேர்ந்தீங்கன்னா சந்தோஷமா எடுத்துக்குவேன்.”

அவ்வளவுதான். என் கையெழுத்தே என் கழுத்தை அறுத்துவிட்டது. பக்கத்தில் தோழி மூக்கை உறிஞ்சினாள். திமிர் பிடித்தவள் அழுதால் பார்க்கிறவர்களுக்குத் தாங்காது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அந்த அம்மா தாளை அப்பாவிடம் நீட்டினார். “நீங்களும் பாருங்க சார்.”

அப்பா வாங்கினார். கையை முழுதாக நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஏதோ பத்திரம் பார்க்கும் வக்கீல் மாதிரி இவர் எதற்கு இவ்வளவு பந்தா பண்ணுகிறார் என்று எனக்கு அந்தத் துக்கத்திலும் எரிச்சல் வந்தது. பிறகு தாளை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

“மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க எடத்துல ஒரு அவருக்கு எத்தினி நிமிசம்?”

பின் மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று. “நீ சும்மா இருப்பா” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“இல்லமா, கேட்டா இன்னா? எங்க கம்பெனில அஞ்சு நிமிசம் லேட்டானா அரை அவரு போய்டும். ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி வெச்சிகீறாங்க. அதான்.”

“எல்லா இடத்துலயும் அறுபதுதான் சார்” என்று ஆரம்பித்த அந்த அம்மா பாதியில் நிறுத்தினார். சிரித்தவரிடம் திரும்பி வகுப்பு நேர அட்டவணையை எடுக்கச் சொன்னார். அவர் எடுத்துக் கொடுத்தார். முதல் வகுப்பு ஒன்பது மணி முதல் ஒன்பதே முக்கால். அடுத்தது ஒன்பதே முக்கால் முதல் பத்தரை. அவர்கள் பீரியடு நாற்பத்தைந்து நிமிடம். அந்த பீரியடைத்தான் புத்தகத்தில் ‘ஹவர்’ என்று அச்சடித்திருந்தார்கள். கிளினிக்கையும் அதே அளவில்தான் எண்ணியிருந்தார்கள். உள்ளேயே இருப்பவர்களுக்கு அது உறுத்தவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து ஒப்பிட்ட எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

“உங்க பள்ளியில?” என்று என்னைக் கேட்டார்.

தோழிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து கிளினிக் நோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். உள்ளே வந்த நேரம் எட்டு பத்து. வெளியே போன நேரம் பன்னிரண்டு பத்து. நான்கு மணி நேரம். கடிகாரத்தில் ஓடிய நான்கு மணி நேரம். பக்கத்துக்குப் பக்கம் அப்படியே.

அந்த அம்மா ஒரு பென்சிலை எடுத்தார். பெரிய எண்களுக்குப் போகாமல் முதலில் சின்ன வரியில் சோதித்துப் பார்த்தார், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெள்ளெழுத்து. எட்டு நாற்பத்தைந்து முந்நூற்று அறுபது. ஆறு அறுபது முந்நூற்று அறுபது. இரண்டும் ஒன்று. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். மறுபடி எடுத்து, தொள்ளாயிரத்து அறுபதை நாற்பத்தைந்தால் பெருக்கி, அறுபதால் வகுத்தார். எழுநூற்று இருபது.

“உங்களுக்கு இருபது மணி நேரம் அதிகமாவே இருக்கும்மா” என்றார்.

தோழி என் தொடையைக் கிள்ளினாள். அந்த இடம் இரண்டு நாள் வலித்தது.

உடனே இடம் கொடுத்துவிடவில்லை. எங்கள் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார், முதல்வரிடம் பேச வேண்டும் என்றார். பதினைந்து நாள் கழித்துத் தபாலில் இரண்டு பேருக்கும் மூன்றாம் வருடச் சேர்க்கை வந்தது. ‘புத்தகத்தில் போட்டிருப்பதுதான் சட்டம்’ என்று அந்த அம்மா அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் எழுந்து வந்திருப்போம். தன் பள்ளிப் புத்தகத்தில் இருந்த தப்பை, லேத் ஓட்டும் ஒருவர் சொல்லி, மூன்று பேர் முன்னால் ஒத்துக்கொண்டு பென்சில் எடுக்க ஒரு மனசு வேண்டும். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றும். நான் பிறகு இதே துறையில் பாடம் நடத்தப் போனேன். வேறு பள்ளிகளிலிருந்து வருகிற பிள்ளைகளின் மணி நேரங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை என் மேஜைக்கும் வந்தது. எந்தத் தாளையும் நான் அவர் மாதிரி சின்ன வரியிலிருந்துதான் சோதித்தேன்.

அந்தப் பென்சில் கணக்கு நடந்த அன்று அப்பா அப்படியே ஷிப்டுக்கு ஓடினார். ரயில் தாமதம். ஏழு நிமிடம் லேட். வழக்கம்போல் அரை அவர் போயிற்று. ராத்திரி சோற்றில் கை வைத்தபடி, “அந்த ஸ்கூல்ல கால் அவருதான் முழுங்கறாங்க. நம்மாளுங்க அரை அவரு. நம்மது பெரிய எடம்” என்றார். அம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இரண்டு வருடத்துக்கு அத்தை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

புதிய பள்ளியில் போய் உட்கார்ந்த பிறகு ஒன்று புரிந்தது. மணி நேரம் சமமாக இருக்கலாம், பாரம் சமம் இல்லை. அங்கே நாற்பத்தைந்து நிமிடத்தில் பூந்தமல்லியின் ஒன்றரை மணி நேரப் பாடத்தை அடைத்துத் தந்தார்கள். பதிலுக்கு, திருமழிசை முகாமில் ஒரு காலையில் நாற்பது பேரைப் பார்த்துப் பழகிய எங்கள் கை, அங்கே யாருக்கும் இல்லை. முதல் மாதம் நாங்கள் பாடத்தில் திணறினோம், அவர்கள் கிளினிக்கில் திணறினார்கள். அதை எந்தக் கட்டத்தில் எழுதி ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியாது.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரை அவரவர் வீட்டிலிருந்தே அழைத்துவந்து, கிட்டப் பார்வை சோதித்து, பவர் எழுத வேண்டும். நான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

“என்ன எதுக்கு? எனக்கு இன்னும் நாப்பது ஆவல. உங்கப்பாவ இட்டுகினு போ” என்றாள் அம்மா. “பேப்பர அந்தாண்ட புடிச்சிகினு படிக்கிறாரே, பாக்கல நீ? வெள்ளெழுத்து வந்து ரெண்டு வருசம் ஆவுது.”

ஆறு மணி நேரம் வெள்ளெழுத்து படித்தவள் நான். அதை எட்டு பீரியடோடு ஒப்பிட்டு அட்டவணை போட்டவள். ஊரெல்லாம் போய்க் கண் பார்த்தவள், வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் கண்ணை ஒரு நிமிடம் பார்க்கவில்லை. விளக்கடியில் இருட்டு என்பது நான்தான். லேத்துக்குக் கண் கைநீளத்தில் நின்றால் போதும் என்பதால் வேலையில் சமாளித்திருக்கிறார். அளவுக் கருவியை மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், எட்டப் பிடித்துப் படித்திருக்கிறார். வெட்கமாக இருந்தது எனக்கு.

அடுத்த லீவு நாளில் அப்பா அதே வெள்ளைச் சட்டையில் கிளினிக்குக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, தமிழ் எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தேன். மேலே இரண்டு வரி படித்தார். மூன்றாவதில் நின்றுவிட்டார். சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி ஒவ்வொரு லென்ஸாகப் போட்டேன். ஒன்றே முக்கால் பவரில் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட்டு, “வேற எதுனா குடு. இது பெரிசா கீது” என்றார்.

என் கோப்பில் அந்தப் பழைய அட்டவணைத் தாள் இருந்தது. சிவப்பு வட்டம், பென்சில் கணக்கு எல்லாம் அதிலேயே. எடுத்துக் கொடுத்தேன். பொடி எழுத்துக்கு அதைவிட நல்ல சோதனை இல்லை.

“ஒளியியல்… லென்ஸ்… வெள்ளெழுத்து. ஆறு, எட்டு.” விரல் வைத்துக் கீழே வரை வந்தார். “இதான் அன்னிக்கி அந்தம்மா குடுத்ததா?”

“ஆமாம்பா. நீதான் படிச்சியே அன்னிக்கி.”

“நான் எங்கமா படிச்சேன்? ஒரே எறும்பா தெரிஞ்சிது. ஒரு நம்பரும் புரில. பொண்ணுங்க ரெண்டும் அழுவுது, சும்மா குந்திகினு இருந்தா நல்லாவா இருக்கும்னு வாய்க்கு வந்தத கேட்டேன்.”

அவர் இன்னொரு முறை தாளைப் பார்த்தார். இப்போது கிட்டத்தில், எல்லோரும் படிக்கிற தூரத்தில் பிடித்திருந்தார்.

“தொள்ளாயிரத்து அறுபது. நல்லா எழுதிகீறமா நீ. அன்னிக்கி கண்ணு தெரிஞ்சிருந்தா நானும் இத்த படிச்சிட்டு, சரிங்க மேடம்னு எழுந்து வந்திருப்பேன்.”